கண் கொட்டும் பிள்ளை: காத்திருப்பதா, பயிற்சியா, மாத்திரையா?

என் மகனுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தபோது கண்ணை இறுக்கி இறுக்கிக் கொட்ட ஆரம்பித்தான். டி.வி. அதிகம் பார்ப்பதால்தான் என்று ரிமோட்டை ஒளித்து வைத்தோம். கண் டாக்டரிடம் காட்டினோம். பார்வை சரியாக இருக்கிறது, அலர்ஜியாக இருக்கலாம் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் கண் கொட்டுவது தானாகவே நின்றது. அப்பாடா என்று இருந்த மூன்றாவது வாரம் தொண்டையைச் செருமத் தொடங்கினான். சளி என்று நினைத்து காது மூக்கு தொண்டை டாக்டர், சிரப், ஆவி பிடித்தல். அதுவும் போய், தோள்பட்டையை வெடுக் வெடுக்கென்று தூக்கிப் போடுவது வந்தது. ஒரு வருஷம் இப்படியே ஓடிய பிறகு, குழந்தைகளுக்கான நரம்பியல் டாக்டர் ஒருவர் நான் செல்போனில் பிடித்து வைத்திருந்த மூன்று வீடியோக்களையும் பார்த்துவிட்டு, "மூணும் ஒண்ணுதாம்மா. இதுக்குப் பேரு டிக்" என்றார்.

ஸ்கேன் எடுக்கணுமா என்று கேட்டேன். தேவையில்லை என்றார். டிக்கைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பிள்ளையைப் பார்த்து, பெற்றவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். அதனால் வீடியோ மிகவும் முக்கியம். டாக்டர் முன்னால் உட்காரும் பத்து நிமிஷமும் பல பிள்ளைகள் ஒன்றுமே செய்யாமல் சமர்த்தாக இருந்துவிடுவார்கள். என் மகனும் அப்படித்தான் இருந்தான்.

பிறகு அவர் மூன்று வழிகளைச் சொன்னார். ஒன்றும் செய்யாமல் கவனித்துக்கொண்டு காத்திருப்பது. பழக்கத்தை மாற்றும் பயிற்சி. மாத்திரை. யோசித்துவிட்டு இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார். அந்த இரண்டு வாரமும், அதற்குப் பின் வந்த மூன்று வருஷமும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததை, இதே குழப்பத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு வீட்டுக்காக எழுதுகிறேன்.

எது டிக், எது இல்லை

உடம்பு தானாகச் செய்வது எல்லாமே டிக் ஆகிவிடாது. கண்ணின் கீழிமை மட்டும் ஈ பறப்பது போலப் படபடக்கிறதே, அது வேறு. இடக்கண் துடித்தால் பெண்ணுக்கு நல்லது என்று எங்கள் ஆச்சி சொல்லும் அந்தத் துடிப்பு, தூக்கம் கெட்டாலோ காபி கூடினாலோ யாருக்கும் வரும், சில நாளில் போய்விடும். பேசும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் "வந்து... வந்து..." போடுவது, முடிவில் "புரியுதா" என்று கேட்பது, நகம் கடிப்பது, உட்கார்ந்தால் தொடையை ஆட்டுவது எல்லாம் பழக்கங்கள். செய்கிறோம் என்றே தெரியாமல் செய்கிறோம். யாராவது சொன்னால் நிறுத்துகிறோம், பிறகு மறந்துபோய் மறுபடி செய்கிறோம். மூன்று வயதுக்கு முன்பே ஆரம்பித்து, சந்தோஷம் வந்தால் இரண்டு கையையும் சிறகு போல ஒரே தாளத்தில் அடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதுவும் டிக் வகையில் சேராது.

டிக்குக்கு ஓர் அடையாளம் உண்டு. அது வருவதற்கு முன் பெரும்பாலும் உடம்பில் ஓர் உறுத்தல் வரும். என் மகன் எட்டு வயதில் சொன்னான்: "கண்ணுக்குள்ள என்னவோ அரிக்கிற மாதிரி இருக்கும்மா. கொட்டுனா போயிரும். கொஞ்ச நேரத்துல திரும்ப வந்துரும்." கொசு கடித்த இடத்தைச் சொறியாமல் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? தும்மல் மூக்கு நுனிவரை வந்த பிறகு எவ்வளவு நேரம் அடக்க முடியும்? கொஞ்ச நேரம் முடியும். அதைவிட மேலே முடியாது. மூளையின் ஆழத்தில், அசைவுகளில் எதை வெளியே விடலாம், எதைத் தடுக்கலாம் என்று வடிகட்டும் சுற்றுகளில் இருக்கும் வேறுபாடுதான் இதற்குக் காரணம் என்கிறார்கள். குடும்ப வழியாகவும் வருகிறது. என் மாமனார் பேப்பர் படிக்கும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பார். அறுபது வருஷமாக அதைச் சளி என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.

பள்ளி வயதில் ஐந்தில் ஒரு பிள்ளை வரை ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் வந்து போகிறது என்று கணக்கிடுகிறார்கள். உடல் அசைவில் குறைந்தது இரண்டு டிக்கும் குரலில் குறைந்தது ஒரு டிக்கும் இருந்து, ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்தால் அதற்கு டூரெட் என்று பெயர். 1885-இல் பாரிஸில் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதிய ஜில் த லா டூரெட் என்ற டாக்டரின் பெயர் அது. கெட்ட வார்த்தை கத்தும் நோய் என்று பலர் நினைக்கிறார்கள். டூரெட் உள்ளவர்களில் அப்படிக் கத்துகிறவர்கள் நூறில் பத்து பதினைந்து பேர்தான். இதைத் தெரிந்துகொண்ட அன்று ராத்திரிதான் நான் தூங்கினேன்.

சில அறிகுறிகள் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். கூப்பிட்டால் காதில் விழாமல் வெறித்துப் பார்த்தபடி கண் கொட்டுவது வலிப்பாக இருக்கலாம். தொண்டை வலி, காய்ச்சல், மூட்டு வலி வந்து போன சில வாரங்களிலோ சில மாதங்களிலோ கைகால் நடனம் போல நெளிந்து, பிடித்த டம்ளர் நழுவினால் அது வாதக் காய்ச்சலின் விளைவாக இருக்கலாம். அது இதயத்தையும் தொடக்கூடியது. பதின்வயதில், முன்பு எதுவும் இல்லாத பிள்ளைக்கு ஒரே நாளில் பெரிய பெரிய அசைவுகள் வந்தாலும் வழி வேறு.

நாங்கள் முதலில் எடுத்த தவறான வழி

டாக்டர் சொன்ன மூன்றுக்கும் முன்னால் எல்லா வீட்டிலும் நாலாவது வழி ஒன்று நடந்துகொண்டிருக்கும். "செய்யாதே" என்று சொல்வது. ஆச்சி பாசமாகச் சொன்னார்: "ஏன்யா இப்படிக் கண்ணக் கொட்டுத, கொஞ்சம் சும்மா இரேன்." நான் கண்ணால் மிரட்டினேன். என் வீட்டுக்காரர் செருமாமல் ஒரு நாள் இருந்தால் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொன்னார். அந்த ஒரு நாளை நான் மறக்கவே மாட்டேன். சாயங்காலம் வரை உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தான். இரவு சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் செருமல் வந்துவிட்டது. உடனே அழுதுகொண்டே, "நான் செய்யலம்மா, அதுவா வந்துருச்சு" என்றான்.

டிக்கைப் பற்றிப் பேசினாலே டிக் கூடும். மனசில் படபடப்பு, களைப்பு, பரீட்சை, உறவினர் வீட்டுக் கல்யாணத்தின் பரபரப்பு எதுவாக இருந்தாலும் கூடும். நாலு பேர் முன்னால் திருத்துவது எரிகிற அடுப்பில் விறகைத் தள்ளுவது போலத்தான். தாயத்து கட்டுவது, மந்திரிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. டிக் இயல்பிலேயே சில வாரம் ஏறும், சில வாரம் இறங்கும். மிக மோசமாக இருக்கும்போதுதான் நாம் எங்காவது ஓடுவோம், அதற்கு அடுத்து அது இறங்கும் காலம் வரும். அந்த இறக்கத்துக்கு எந்தச் சொட்டு மருந்தும் எந்தக் கயிறும் பெயர் வாங்கிக்கொள்ளும். எங்கள் வீட்டிலும் கண் சொட்டு மருந்துக்கு அப்படித்தான் நல்ல பெயர் கிடைத்தது.

காத்திருப்பது

மூன்றில் இது சோம்பேறித்தனம் என்று எனக்கு முதலில் பட்டது. இப்போது அப்படி நினைக்கவில்லை. டிக் பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு வயதுக்குள் தலைகாட்டும், பத்திலிருந்து பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போகும், பதின்வயது முடிவதற்குள் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறைந்துவிடும். சிலருக்கு முழுதாகவே நின்றுவிடும். அமெரிக்க நரம்பியல் அகாடமி 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், டிக்கால் அன்றாட வாழ்க்கைக்கு இடைஞ்சல் இல்லாத பிள்ளையைக் கவனித்தபடி விட்டுவைப்பது ஏற்கத்தக்கதே என்கிறது.

ஆனால் கவனித்துக் காத்திருப்பது வேறு, கண்டுகொள்ளாமல் விடுவது வேறு. காத்திருக்கும் வீட்டுக்குச் சில வேலைகள் இருக்கின்றன. வீட்டில் யாரும் டிக்கைப் பற்றிப் பேசக்கூடாது என்று எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். ஆச்சிக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. புரிந்த பிறகு எங்களில் யாரையும்விட அவர்தான் இதைக் கடைப்பிடித்தார். பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடம், பையன் வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். முன் பெஞ்சில் உட்கார்ந்தால் மொத்த வகுப்பும் அவன் தோளைப் பார்க்கும். ஓர வரிசையில் பின்னால் இடம் கேட்டோம், கொடுத்தார்கள். "ஸ்கூல்ல ஒண்ணுமே செய்யறதில்லையே" என்றார் டீச்சர். அதுவும் உண்மைதான். அங்கே எட்டு மணி நேரம் முடிந்தவரை அடக்கி வைத்துக்கொண்டு, வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போது எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டுவான். அந்த அரை மணி நேரம் ஹோம்வொர்க் என்று பேச்செடுக்காமல் விட்டுவிட்டாலே பாதி சண்டை குறைந்துவிடும்.

இந்த வழிக்குச் செலவில்லை, பக்கவிளைவும் இல்லை. இதில் உள்ள ஒரே ஆபத்து, பிள்ளை உள்ளுக்குள் படும் பாட்டை நாம் பார்க்காமல் போய்விடுவது.

பயிற்சி

1973-இல் ஆஸ்ரின், நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் நகம் கடிப்பது போன்ற பழக்கங்களுக்கும் டிக்குகளுக்கும் சேர்த்து ஒரு முறையை எழுதினார்கள். பழக்கத் திருப்பம் என்று தமிழில் சொல்லலாம். இன்று டிக்குக்குத் தரும் நடத்தைப் பயிற்சிகளுக்கு அதுதான் அடிப்படை. சொல்லிக்கொடுப்பதற்கு எளிது, செய்வதற்குத்தான் பொறுமை வேண்டும்.

முதல் இரண்டு வாரம் கவனிப்பது மட்டும்தான். தோள் துள்ளுவதற்கு முன் உடம்பில் எங்கே, என்ன தெரிகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். என் மகன் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டி, "இங்க ரப்பர் பேண்ட் இழுக்கிற மாதிரி" என்றான். அந்த ரப்பர் பேண்ட் இழுபட ஆரம்பித்த உடனே, டிக்குக்கு எதிரான ஓர் அசைவைச் செய்ய வேண்டும். தோளுக்கு, முழங்கையை விலாவோடு மெல்ல அழுத்தி, தோளைக் கீழே இறக்கிப் பிடிப்பது. செருமலுக்கு, வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மெதுவாக மூச்சு இழுத்து விடுவது. கண் கொட்டுவதற்கு, அவசரமில்லாமல் மூன்று நாலு வினாடிக்கு ஒரு முறை மென்மையாக இமை மூடித் திறப்பது. ஒரு நிமிஷம், அல்லது அந்த உறுத்தல் அடங்கும் வரை. பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. வகுப்பில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

உறுத்தலைத் தணிக்காமல் விட்டாலும் அது தானாக ஏறி, தானாக இறங்கும் என்பதை மூளை இப்படிக் கற்றுக்கொள்கிறது. கூடவே, டிக்கைக் கூட்டும் சூழ்நிலைகளை வீட்டார் கண்டுபிடித்து மாற்றுவதும் பயிற்சியின் பாதி. என் மகனுக்குத் தோள் எப்போதும் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில்தான் துள்ளியது. என்னவென்று பார்த்தால், அப்போதுதான் நாங்கள் அவனிடம் மார்க்கைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பலன் உண்டா? 2010-இல் அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரையுள்ள 126 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பத்து வாரம், எட்டு அமர்வு. பயிற்சி எடுத்தவர்களில் 52.5 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். வெறும் ஆறுதலும் விளக்கமும் பெற்றவர்களில் 18.5 சதவீதம். இந்தக் கணக்கை நான் இரண்டு விதமாகப் படித்தேன். மாத்திரை இல்லாமல் பாதிப் பேருக்குப் பலன் என்பது பெரிய விஷயம். பாதிப் பேருக்கு எதிர்பார்த்த பலன் இல்லை என்பதும் அதே எண்தான். ஒரு டிக்கை அடக்கினால் வேறு டிக் முளைக்கும் என்று எங்களைப் பலர் பயமுறுத்தினார்கள். ஆய்வுகளில் அப்படி நடக்கவில்லை.

இதன் பெரிய குறை ஆள் கிடைக்காததுதான். திருநெல்வேலியில் நாங்கள் விசாரித்த இடங்களில் இந்தப் பயிற்சி தெரிந்தவர் கிடைக்கவில்லை. மதுரையில் ஒருவர் இருந்தார். பஸ்ஸில் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம், எட்டு சனிக்கிழமை. கடைசி மூன்று அமர்வை வீடியோ காலில் வைத்துக்கொண்டோம். இங்கிலாந்தில் 224 பிள்ளைகளை வைத்து இணையம் வழியாகவே பத்து வாரப் பயிற்சி கொடுத்துப் பார்த்து, 2021-இல் அதில் பலன் உண்டு என்று வெளியிட்டிருக்கிறார்கள். ஆக, வீடியோ கால் என்றால் குறைச்சல் என்று தயங்க வேண்டாம். எங்கே கேட்பது என்றே தெரியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்று சொல்லும் குழந்தைகள் மையத்தில் விசாரிக்கலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை வரை போக முடிந்தவர்கள் போகிறார்கள்.

இன்னொரு குறை வயது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு உறுத்தலைக் கண்டுபிடிக்கவே தெரியாது. எட்டு ஒன்பது வயதுக்கு மேல், தானாகவே குறைக்க ஆசைப்படும் பிள்ளைக்குத்தான் இது நன்றாகப் பிடிக்கும். அம்மாவுக்காகச் செய்கிற பிள்ளை மூன்றாம் வாரம் விட்டுவிடும்.

மாத்திரை

மாத்திரை என்றாலே எனக்குப் பயம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பகுதியைப் படிக்கும்போது அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் இரண்டு வகை எழுதுகிறார்கள். முதல் வகை கிளோனிடின். மருந்துக்கடையில் சீட்டை நீட்டினால், "இது பிரஷர் மாத்திரை ஆச்சே, பையனுக்கா?" என்று கேட்பார்கள். பதற வேண்டாம், அதே மருந்துதான். பலன் மிதமாக இருக்கும், கவனக் குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்திருக்கும் பிள்ளைக்குக் கூடுதலாக உதவும். தூக்கம் வரும், ரத்த அழுத்தம் இறங்கும். நாமாகச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் ஏறிவிடும், டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது மாத்திரை அட்டையை மறந்துவிட்டுப் போகும் வீடுகள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது வகை, மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற பொருளைத் தொடும் மருந்துகள்: ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல். இவற்றின் பலன் வலுவானது. விலையும் வலுவானது: எடை ஏறுதல், மந்தம், சிலருக்கு உடம்பு இறுகுதல், சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு. ஹாலோபெரிடால் 1960-களிலிருந்தே டிக்குக்குக் கொடுக்கப்படுகிறது. அது வேலை செய்ததைப் பார்த்த பிறகுதான் டூரெட் மனக்கோளாறு அல்ல, மூளை சம்பந்தப்பட்டது என்ற எண்ணம் வலுப்பட்டது. அரிப்பிப்ரசோலுக்கு அமெரிக்காவில் 2014-இல் டூரெட்டுக்கென்றே அனுமதி கிடைத்தது. பழைய மருந்துகளைவிட இதைத்தான் இன்று முதலில் யோசிக்கிறார்கள். எதுவானாலும் டிக்கைக் குறைக்கும், அடியோடு எடுக்காது. மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லையே என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவதுதான் இதில் பெரிய தவறு என்று டாக்டர் எச்சரித்தார்.

எப்போது மாத்திரை? கழுத்தை வெட்டி வெட்டி வலி வரும்போது. எழுத முடியாமல் பேனா துள்ளும்போது. தூங்கப் போகவே முடியாதபோது. பயிற்சி கிடைக்காத ஊரில், பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுக்கும்போது. அப்படிப்பட்ட வீட்டில் மாத்திரை கொடுக்கும் பெற்றோரைத் தோற்றுப்போனவர்களாகப் பார்ப்பது அநியாயம். (ஒரே ஒரு தசையில் வரும் கடுமையான டிக்குக்கு போட்டாக்ஸ் ஊசியும், எதற்கும் அடங்காத பெரியவர்களுக்கு மூளைக்குள் மின்கம்பி பொருத்தும் அறுவைச் சிகிச்சையும் உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சே வராது.)

தராசை மாற்றும் ஒன்று

டூரெட் உள்ள பிள்ளைகளில் பலருக்குக் கூடவே கவனக் குறைவோ, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் எண்ணச் சுழற்சியோ இருக்கிறது. பல வீடுகளில் பிள்ளையை உண்மையில் வாட்டுவது அதுதான். வெளியே தெரிவதால் டிக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அப்படி இருந்தால் அதற்கு முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும். கவனக் குறைவுக்குத் தரும் மருந்து டிக்கைக் கூட்டிவிடும் என்று பழைய பயம் ஒன்று உண்டு. ஆய்வுகளில் பொதுவாக அப்படித் தெரியவில்லை.

ஆகவே, டிக் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது யாருக்குத் தொந்தரவு என்று கேளுங்கள். பார்க்கிற நமக்கு மட்டும்தான் என்றால் காத்திருக்கலாம். பிள்ளைக்குத் தொந்தரவு, அவனே குறைக்க ஆசைப்படுகிறான் என்றால் பயிற்சி. வலி, படிப்பு, தூக்கம் என்று வாழ்க்கையே இடறுகிறது என்றால் மாத்திரை, முடிந்தால் பயிற்சியோடு சேர்த்து. இதைக் கண்டுபிடிக்கப் பிள்ளையிடம் நேராகக் கேட்பதே போதும். நான் ஒரு வருஷம் கேட்காமலே டாக்டர் டாக்டராக அலைந்தேன். கேட்டபோது அவன் சொன்னான்: "கண்ணு கொட்டுறது ஒண்ணும் இல்லம்மா. தோளுதான். கேரம் ஆடுறப்ப காய் தவறிருது, எல்லாரும் சிரிக்கிறாங்க."

அதனால் எட்டு வயது முழுக்கக் காத்திருந்தோம். ஒன்பதரை வயதில், தோளுக்கு மட்டும் பயிற்சி எடுத்தோம். கண்ணை விட்டுவிட்டோம். தோள் நின்றுவிடவில்லை, நாளில் சில தடவை வருகிறது. கேரம் ஆடும்போது வருவதில்லை. ஒன்றில் ஆழ்ந்து மனம் இறங்கிவிட்டால் பலருக்கு டிக் அடங்கும் என்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்து அணியின் கோல்கீப்பராக இருந்த டிம் ஹவர்டுக்கு டூரெட் உண்டு என்று சொன்னதிலிருந்து அவர் ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறான்.

மாத்திரைச் சீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அவனுக்கு இப்போது பதினொன்று, டிக் உச்சத்துக்கு வரும் வயது. கழுத்துக்கு வந்து வலித்தாலோ, பரீட்சையில் எழுத முடியாமல் போனாலோ, அவன் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றாலோ அந்தச் சீட்டோடு டாக்டரைப் பார்ப்பது என்று மூன்று பேரும் பேசி வைத்திருக்கிறோம். அந்த மூன்று நிபந்தனையில் கடைசியை அவன்தான் சேர்க்கச் சொன்னான்.